பரீட்சை முடியட்டும்

1

இந்த வாரம் அக்காவுக்கு வருஷம் திரும்புகிறது. பிரான்ஸில், லியோனுக்கு வெளியே நாங்கள் இருக்கும் புறநகரில் திதி கொடுக்க ஆளும் கிடையாது, சோறு வைக்கக் காக்காயும் கிடையாது. காக்காய் மாதிரி ஒன்று பால்கனிக் கம்பியில் வந்து உட்காரும். கறுப்பாக, கொழுத்து இருக்கும். சோற்றை ஏறெடுத்தும் பார்க்காது. ரொட்டி வைத்தால்தான் இறங்கி வரும். ஊரோடு ஒத்து வாழ் என்பதை என்னைவிட அது நன்றாகப் படித்திருக்கிறது.

வாழைக்காயும் சேனைக்கிழங்கும் வாங்க இலங்கைக்காரர் கடைக்குப் போனேன். "என்ன விசேசம் அக்கா?" என்று கேட்டார். அக்காவுக்குத் திதி என்றேன். அவர் தராசைப் பார்த்துக்கொண்டே ஒரு முருங்கைக்காய்க் கட்டையும் பையில் போட்டு, "இதையும் கொண்டு போங்கோ" என்றார். அவர் ஊரில் யார் வீட்டில்தான் திதி இல்லை.

வீட்டுக்கு வந்து மகள் இளாவைப் போனில் கூப்பிட்டேன். கிரனோபிளில் மருத்துவம் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். ரயிலில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் இருக்கலாம். "ஞாயித்துக்கிழமை பெரியம்மாவுக்குப் படைக்கறோம், வர்றியா?" என்றேன்.

"ஸே வ்ரே?" என்றாள். நிஜமாவா என்று அர்த்தம்.

இப்போதெல்லாம் நான் எதைச் சொன்னாலும் அவள் இப்படித்தான் கேட்கிறாள். அப்பாவுக்குச் சளி என்றால் நிஜமாவா. எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்றால் நிஜமாவா. பிறகு அவள் அப்பாவுக்குத் தனியாகப் போன் செய்து சரிபார்க்கிறாள். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது வருவதில்லை. அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

அக்கா சாரதா பிரெஞ்சு டீச்சர். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை, மேற்கு மாம்பலத்தில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் வீடு, அந்த வீட்டின் முன்னறையில் டியூஷன். பிரான்ஸைப் படத்தில் பார்த்ததோடு சரி.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியலாம். சென்னையில் பிரெஞ்சு என்பது ஒரு நாட்டின் மொழி இல்லை, அது மார்க் வாங்கும் பாடம். தமிழ் எடுத்தால் செய்யுளும் பொருளும் படிக்க வேண்டும், திருத்துகிறவர் கை இறுக்கம். பிரெஞ்சு எடுத்தால் அள்ளிப் போடுவார்கள் என்று தி.நகர், அசோக் நகர் முழுக்க ஒரு நம்பிக்கை. அதனால் வருஷா வருஷம் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் பிரெஞ்சு எடுத்து, நூற்றுக்கு நூறு வாங்கி, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாமல் வெளியே வருவார்கள். வினைச்சொல் மட்டும் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் வரும். எங்கள் சந்தில் சாயங்காலம் நடந்தால் பதினாறாம் வாய்ப்பாட்டுக்குச் சமமான ராகத்தில் ஜெ ஸுவி, தூ எ, இல் எ என்று கேட்கும். நடுவில் தாம்பரம் ரயில் போனால் அத்தனை பேரும் நிறுத்தி, ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. தமிழ் எடுத்தேன். "மார்க்கைக் கோட்டை விட்டுட்ட" என்று அக்கா அப்போதே சொன்னாள். விதியின் குசும்பைப் பாருங்கள்: தமிழ் எடுத்தவளுக்குப் பிரான்ஸில் மாப்பிள்ளை, பிரெஞ்சு எடுத்தவளுக்கு மாம்பலத்தில்.

அவள் பாடம் நடத்தும் விதமே தனி. பிரெஞ்சில் முடிந்துபோன காரியத்தைச் சொல்ல ஒரு துணைவினை வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்', அதாவது 'உடைத்தாயிரு'. ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் 'எத்ர்', அதாவது வெறும் 'இரு'. எந்த வினை எந்தக் கட்சி என்று மனப்பாடம் செய்வதற்குள் பிள்ளைகளுக்கு நாக்குத் தள்ளிவிடும். அக்கா வெள்ளைக்காரன் புத்தகத்தில் இருந்த குறுக்குவழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவாள்.

"மாம்பலம் ஸ்டேஷன்ல என்னென்ன நடக்குதோ அதுக்கெல்லாம் எத்ர். வர்றது, போறது, ஏர்றது, இறங்குறது, உள்ள நுழையறது, வெளிய வர்றது, கிளம்புறது, வந்து சேர்றது, திரும்பி வர்றது, விழுறது, அங்கேயே நிக்கிறது."

"பொறக்கிறதும் சாகுறதும் கூட எத்ர் தானே மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாளாம்.

"காலை எட்டரை மணி வண்டியில ஏறிப் பாரு, ரெண்டும் தெரியும்" என்றாளாம் அக்கா.

3

இத்தனை வருஷம் நான் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கவில்லை. பத்து வருஷக் குடியிருப்பு அனுமதிக் கார்டைப் புதுப்பித்துக்கொண்டே காலத்தை ஓட்டினேன். வீட்டுக்காரர் எப்போதோ வாங்கிவிட்டார், இளா பிறந்து வளர்ந்தது இங்கேயே. கடைசியில் நான் மட்டும் விமான நிலையத்தில் வேறு வரிசையில் நிற்பவளாக ஆனேன். ஒருநாள் இளா, "நீ மட்டும் ஏன்மா அந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டாள். அவளுடைய தமிழில் மனிதர்கள் எல்லோரும் அஃறிணைதான்; அம்மா வருது, அப்பா தூங்குது. அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது.

விண்ணப்பத்தில் முதல் இடறல் பெயர். குடும்பப் பெயர் என்ன என்றார்கள். இல்லை என்றேன். எல்லாருக்கும் இருக்குமே என்று அலுவலகப் பெண் பொறுமையாகச் சொன்னாள். முன்னால் ஒரு எழுத்து இருக்கிறதே, அது என்ன? அது அப்பா. அப்படியானால் அதுதான் குடும்பப் பெயரா? இல்லை, அது அப்பா மட்டும்தான். இப்படி இருவரும் கொஞ்ச நேரம் என் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தோம்.

இரண்டாவது இடறல் மொழித் தேர்வு. என்னுடைய பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு. ரொட்டிக்கடை, பள்ளிக்கூட வாசல், டாக்டர், வாஷிங் மெஷின் ரிப்பேர், இவ்வளவுதான் அதன் எல்லை. எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொல்லி, நேற்று, நாளை என்று கூடவே ஒரு வார்த்தையைச் சேர்த்தால் எவனுக்கும் புரிந்துவிடும். தேர்வுக்கு அது போதாது. கட்டுரை எழுத வேண்டும், காலங்களைச் சரியாக வைக்க வேண்டும். ஐம்பது தாண்டி இது தேவையா என்று அக்காவிடம் அழுதேன்.

"நாட்டுக்கே வராதவ சொல்லித் தர்றேன், இருந்து சாப்பிடறவ கத்துக்க மாட்டியா?" என்றாள். "நாளைக்குக் காலையில நோட்டு பேனாவோட உக்காரு கௌரி. பொட்டு வச்சுட்டு வா, ஆன்லைன்னு அழுது வடியாத."

பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று அவள் டியூஷன் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தாள்; என்னுடைய காலைக் காபி நேரம் அவளுக்கு மதியச் சமையல் நேரம். வாட்ஸ்அப் வீடியோவில் அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்கும், சந்தில் கீரைக்காரி குரல் கேட்கும். நான் லியோனில் உட்கார்ந்து மாம்பலத்திடம் பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். இதை இங்கே யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் சொல்லவில்லை.

4

கடைசிப் பெரிய பாடம் 'ஃபுத்யூர் ஆந்தேரியர்'. எதிர்காலத்தில் ஒரு காரியம் நடக்கப்போகிறது. அதற்கு முன்னால் இன்னொரு காரியம் முடிந்திருக்கும். அந்த முடிந்திருக்கும் காரியத்துக்கான காலம் அது.

"கட்டுறது ரொம்ப சுலபம்டி" என்றாள் அக்கா. "துணைவினையை எதிர்காலத்துல வை. ஜோரே, தூ ஓரா, இல் ஓரா. பக்கத்துலயே முடிஞ்சுபோன வடிவத்தை ஒட்டு. ஜோரே ஃபினி, நான் முடிச்சிருப்பேன். ஸ்டேஷன் வினையா இருந்தா ஜெ ஸெரே. ஜெ ஸெரே பார்த்தி, நான் கிளம்பியிருப்பேன். பொம்பளைன்னா எழுதறப்போ கடைசியில ஒரு 'எ' சேர்க்கணும். மறந்துட்டுப் போயி ஆம்பளையா குடியுரிமை வாங்கிட்டு வராத."

கட்டுவது சுலபம்தான். எங்கே வைப்பது என்பதுதான் எனக்கு ஏறவில்லை. நாம் 'சமைச்சதும் கூப்பிடறேன்' என்போம். சமைத்தது முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்று யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சுக்காரன் விடமாட்டான். கூப்பிடப்போவது எதிர்காலம் என்றால் சமைப்பதும் எதிர்காலத்தில்தானே இருக்கிறது, அதையும் ஒழுங்காகச் சொல் என்பான். 'கான்', அதாவது எப்போது என்று ஆரம்பித்தால், 'எப்போது நான் சமைத்து முடித்திருப்பேனோ அப்போது கூப்பிடுவேன்' என்று முழுதாகச் சொல்ல வேண்டும். இன்னும் நடக்காத ஒன்றை நடந்து முடிந்ததாக வைத்துக்கொண்டு, அதன் மேல் ஏறி நின்று அடுத்ததைப் பார்ப்பது.

பயிற்சிக்கு அக்கா எங்களையே வாக்கியமாக்கினாள். நீ பாஸ் பண்ணி முடித்திருக்கும்போது நான் விசா கேட்பேன். நான் வந்து சேர்ந்திருக்கும்போது நீ எனக்கு ரசம் வைப்பாய். நான் எழுதி எழுதிக் காட்ட, அவள் கண்ணாடியைத் தூக்கி வைத்துத் திருத்துவாள்.

உண்மையில் அவள் வாழ்க்கையே இந்தக் காலத்தில்தான் ஓடியது. வா வா என்று எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன். அம்மாவுக்குக் காட்டராக்ட் முடியட்டும் என்றாள். அம்மா போன பிறகு, நித்யா ப்ளஸ் டூ முடிக்கட்டும். அவள் மகள் நித்யா முடித்து, காலேஜும் முடித்து, வேலைக்கும் போன பிறகு, இந்த பேட்ச் முடியட்டும். மார்ச்சில் போர்டு எக்ஸாம், ஜூனில் புது பேட்ச். இடையில் இருக்கும் வெயில் மாதத்தில் அத்தானுக்குச் சர்க்கரை ஏறிவிடும். எல்லாம் முடிந்திருக்கும் ஒரு நாளில் அவள் வரப்போகிறாள் என்று இருவரும் நிஜமாகவே நம்பினோம்.

என் மாடிக்குக் கீழே இருக்கும் கிழவர் ஒருநாள் ஜாடி மூடியைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டி, "ஜோரே எஸேயே" என்று தோளைக் குலுக்கினார். முயற்சி செய்து பார்த்தவனாக இருப்பேன் என்று பொருள். நம்மூரில் 'என்னால ஆனதைப் பண்ணியாச்சு' என்போமே, அது. ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "புள்ளைங்க கேப்பாங்கடி, இதையெல்லாம் யாராவது நிஜமா பேசுவாங்களா மிஸ்னு. நானும் தைரியமா பேசுவாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். பேசறாங்க பாரு!" என்றாள். இத்தனை வருஷம் நம்பிக்கையில் மட்டும் பாடம் நடத்தியிருக்கிறாள்.

5

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது வீடியோ நின்றது. குரல் பதிவுகள் வர ஆரம்பித்தன. தொண்டை கட்டியிருக்கு, மாடி வீட்டில் இடிக்கிறார்கள், ஒரே சத்தம், போனில் பேசினால் காது வலிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம். குரல் மெலிந்திருந்தது. பதிவுகளில் பின்னால் பாத்திரம் உருள்வது மாதிரி ஏதோ கேட்டது. நான் சமையல் என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வாரத்துப் பாடத்தில் இந்தக் காலத்தின் இன்னொரு பயனைச் சொல்லித் தந்தாள். ஒன்று நடந்திருக்கலாம் என்று ஊகிக்கவும் இதுதான். ஒருத்தன் வரவில்லையா? ரயிலைத் தவறவிட்டிருப்பான். "தமிழும் இதே மாதிரிதான்டி சொல்லுது, 'இருப்பான்'னு. இந்த ஒரு இடத்துல நமக்கும் அவனுக்கும் சம்பந்தி உறவு" என்றாள். பயிற்சிக்கு ஒரு வாக்கியம் எழுது என்றாள். நான் அவளையே எழுதினேன்: எல் ஓரா ப்ரி ஃப்ருவா. அவளுக்கு ஜலதோஷம் பிடித்திருக்கும். 'வெரிகுட்' என்று பதில் வந்தது.

தேர்வு அன்று வாய்மொழிப் பகுதியில் என் எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வயதான பெண்மணி கேட்டாள்: பத்து வருஷம் கழித்து உங்கள் வாழ்க்கையில் என்னென்ன நடந்திருக்கும்? என் மகள் டாக்டராகியிருப்பாள் என்றேன். நான் பிரெஞ்சுக் குடிமகளாகியிருப்பேன் என்றேன். பிறகு, "மா ஸொர் ஸெரா வெனு" என்றேன். என் அக்கா வந்திருப்பாள். ஸ்டேஷன் வினை, எத்ர், பிசகாமல் வந்தது. உங்கள் அக்கா எங்கே இருக்கிறார் என்று அந்தப் பெண்மணி கேட்டாள். சென்னையில், பிரெஞ்சு டீச்சர் என்றேன். "ஓ, அப்படியானால் பாராட்டு அவருக்கு" என்று சிரித்தாள்.

அதை அக்காவிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? வெளியே வந்து, டிராம் நிறுத்தத்தில் நின்றபடியே கூப்பிட்டேன். அத்தான் எடுத்தார்.

"பரீட்சை எப்படிம்மா எழுதின?" என்றார் முதலில்.

"சூப்பர் அத்தான். அக்காகிட்ட குடுங்க."

"எல்லாம் முடிஞ்சுதா? எழுதறது, பேசறது எல்லாம்?"

"எல்லாம் முடிஞ்சிடுச்சு. குடுங்களேன்."

அவர் அழ ஆரம்பித்தார். அத்தான் அழுது நான் கேட்டதே இல்லை.

அக்கா போன வாரமே போய்விட்டாள். வயிற்றில் கட்டி, அடையாறில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அதற்குப் பிறகு நோய்த்தொற்று. குரல் பதிவுகள் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேசியவை. கடைசி வாரத்துக்கானதையும் சேர்த்தே பேசி வைத்துவிட்டு, தினம் ஒன்றாக அனுப்பு என்று நித்யாவிடம் சொல்லியிருக்கிறாள். நித்யாவும் அனுப்பியிருக்கிறாள். நான் எழுதி அனுப்பிய விடைகளுக்கு 'வெரிகுட்' போட்டதும் நித்யாதான். என் அக்கா வந்திருப்பாள் என்று அந்த அறையில் நான் சொன்னபோது, அவளைக் கரைத்துவிட்டு வந்து தலை முழுகியிருந்தார்கள்.

6

சென்னையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கிண்டி தாண்டுவதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாமா, அழுதுகினே வர? ஊட்ல எதுனா சாவா?"

"எங்க அக்கா."

"எடுத்துட்டாங்களா?"

"போன வாரமே."

"அப்போ நீ மூஞ்சியே பாக்கலியா?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். பாட்டை அணைத்துவிட்டார்.

எங்கள் வகையறாவில் பரீட்சை நேரத்தில் சாவுக்குக்கூட அனுமதி கிடையாது. இது புதிதில்லை. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது எதிர்வீட்டுப் பையனின் சித்தப்பா இறந்தார். பையனுக்குப் பத்தாவது கணக்குப் பரீட்சை. அவன் பரீட்சை எழுதி வரும்வரை பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார்கள். அவன் காலையில் கிளம்பும்போது அவன் அம்மா தயிர் சாதம் ஊட்டி, திருநீறு பூசி அனுப்பினாள். எல்லோரும் அவளை மெச்சினார்கள், என் அம்மா உட்பட. பிள்ளை மேல் பாசம் என்றால் அதுதான் என்று நாங்கள் கற்றுக்கொண்டோம். மயிலாப்பூரிலும் அப்படித்தான், மாம்பலத்திலும் அப்படித்தான். ஆனால் எனக்கு வயது ஐம்பத்திரண்டு. நான் எழுதியது பத்தாவது பரீட்சை இல்லை.

படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கியது. டியூஷன் பிள்ளைகள் இரண்டு பேர் முன்னறையில் வழக்கமான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

"ஏன் சொல்லல?" என்று நித்யாவைக் கேட்டேன்.

"அம்மா சொல்லக்கூடாதுன்னுட்டாங்க சித்தி. அவ இப்ப விட்டான்னா திரும்ப எழுதவே மாட்டா, எனக்குத் தெரியும்னாங்க."

"பரீட்சை மறுபடி வரும்டி. அவ வருவாளா?"

"சித்தி, அவங்க என் கையைப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க."

"உயிரோட இருந்தப்ப சரி. அதுக்கப்புறம்? அவ போன அன்னிக்கு சாயங்காலம் எனக்கு வெரிகுட் போட்டிருக்கியே, உனக்கு எப்படிடி கை வந்துச்சு?"

நித்யா சுவரைப் பார்த்தபடி நின்றாள். அத்தான்தான் பேசினார். "சொன்னா நீ அடுத்த பிளேன்ல ஏறியிருப்பம்மா. அதான் பயம்."

"ஏறத்தான் அத்தான் சொல்லணும்! மூணு வாரம் படுத்திருந்தா. நான் வந்திருந்தா பக்கத்துல உக்காந்திருப்பேன். ஒரு வாய் தண்ணி குடுத்திருப்பேன். கடைசியா முகத்தையாவது பார்த்திருப்பேன். என் அக்காவோட சாவை என்கிட்டேருந்து எடுத்துக்க உங்களுக்கு யாரு உரிமை குடுத்தா?"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. அக்கா மேலும் எனக்குக் கோபம்தான். செத்தவள் மேல் கோபப்பட்டால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? அதனால் எல்லாவற்றையும் நித்யா மேல் கொட்டினேன். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. அவள் தட்டு வைத்தால் சாப்பிட்டேன், காபி கொடுத்தால் குடித்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தாயை இழந்தவள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் முடியவில்லை.

7

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எச்சில் இலைகளை எடுத்துப் போட்டுவிட்டு, நித்யா முன்னறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நான் படத்துக்குக் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் போன் அடித்தது. இளா.

அவளுக்கு முதல் வருஷ மருத்துவத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்தத் தேர்வைப் பிரான்ஸில் தெரியாதவர்கள் இல்லை. கூட்டமாக உள்ளே போய்க் கொஞ்சம் பேர் மட்டும் வெளியே வரும் தேர்வு. நான் அலறி அடித்துக்கொண்டு விமானம் ஏறிய அன்று அவள் கிரனோபிளில் இருந்தாள். ஊரில் வீட்டுப் பத்திர வேலை, அம்மா போயிருக்கிறாள் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். அவர் அப்படிச் சொன்னதை நான் கவனித்தேன். அப்போது எனக்கு எதைப் பற்றியும் யோசிக்கத் தெம்பில்லை.

"மா, நாளைக்கு அனாட்டமி. பயமா இருக்குது" என்றாள்.

"பயப்படாதடா. படிச்சதுதானே."

"எல்லாம் படிச்சேன். மண்டையில நிக்க மாட்டேங்குது." மூக்கை உறிஞ்சினாள். "பெரியம்மா இருக்குதா? குடு. பெரியம்மா பேசினா எனக்கு பயம் போயிடும்."

அத்தான் நிமிர்ந்து பார்த்தார். நித்யா துணியைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தாள். சாம்பிராணி வாசம் இன்னும் அறையில் இருந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"பெரியம்மா தூங்கறாங்கடா" என்றேன்.

"இந்த நேரத்துலயா?"

"ஆமா. காலையிலேருந்து வேலை. அசந்து தூங்கறாங்க."

"சரி, எழுப்பாத" என்றாள் இளா. குரலில் ஏமாற்றம் தெரிந்தது. பரீட்சை எல்லாம் முடித்ததும் தானே கூப்பிட்டுப் பெரியம்மாவிடம் ரொம்ப நேரம் பேசப்போவதாகப் பிரெஞ்சில் சொன்னாள். பெரியம்மாவிடம் அதைச் சொல்லிவிடு என்றாள்.

"சொல்றேன். நீ நல்லா எழுது" என்றேன்.

போனை வைத்தேன். நித்யா துணியை வாளியில் போட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தோளை இழுத்து என் மேல் சாய்த்துக்கொண்டேன். அவளிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.